துரையின் காரில் ஒரு கருவாட்டுக் கூடை

எழுபதுகளில் தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமார் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஊரில் இருந்தபோது அவர்களுக்கு இல்லாத மவுசு, போன பிறகு அவர்கள் காருக்கு வந்தது. வண்டிப்பெரியாரில் எந்த ஓட்டை வண்டிக்குப் பெயின்ட் அடித்தாலும் அது துரை ஓட்டிய வண்டியாகிவிடும். நான் அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். இந்தப் பித்தலாட்டமெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஏமாந்தேன்.

கொழிஞ்சாம்பாறையில் நெல்லும் தென்னையுமாக வாழ்ந்த என் மனைவியின் அண்ணனுக்குத் துரை வண்டி வாங்க ஆசை. கல்யாணமான நாள்முதல் என்னை வெறும் பேனா பிடிக்கிறவனாகவே நினைத்த மனிதர், முதல்முறையாக ஒரு பொறுப்பைக் கொடுத்தார். அவர் வாயால் ஒரு சபாஷ் வாங்கிவிட வேண்டும் என்று தவியாய்த் தவித்தேன்.

ஒர்க்‌ஷாப்காரர் காட்டிய கார் கரும்பச்சையில் பளபளத்தது. ஆர்.சி. புத்தகம் எங்கே என்றேன். அது பின்னால் வரும் என்று சொல்லிவிட்டு, வண்டிக்குள்ளிருந்து, துரைமார் வாயில் வைத்துப் பிடிக்கும் புகைக்குழாய் ஒன்றை எடுத்து நீட்டினார். துரை மறந்துவிட்டுப் போனதாம். இடப்பக்கப் பின்கதவு திறக்கவில்லை.

"தொரையோட நாயி குதிச்சிரக் கூடாதுன்னு அடச்சு வச்சது சார்" என்றார்.

நான் குழாயை மோந்து பார்த்தேன். 'அசல் துரை வண்டி, நானே பரிசோதித்தேன்' என்று மச்சானுக்குக் கடிதம் போட்டேன். மறுநாள் டிக்கிக்குள் பச்சை உரிந்த இடத்தில் டாக்ஸி மஞ்சள் எட்டிப் பார்த்தது. கடிதமோ போய்விட்டது. பூஜை போடுகிற சாக்கில் அந்த இடத்தில் சந்தனத்தை அப்பிவிட்டேன்.

மச்சான் வந்தார். வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. ஒர்க்‌ஷாப்காரரிடம், "என்ற மாப்ள பாத்துட்டாருங்க. அப்பறம் நான் என்னத்தப் பாக்கறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

எலுமிச்சம்பழம் நசுக்கிப் புறப்பட்டோம். மச்சான் டிராக்டர் ஓட்டுகிற தோரணையில் ஓட்டினார். குமுளி செக்போஸ்ட் வரிசையில் நின்றபோது, கருவாடு விற்றுவிட்டுக் கம்பம் திரும்பும் அம்மாள் ஒருவர் நேராக வந்தார். அந்தப் பின்கதவின் கைப்பிடியை மேலே தூக்கி, இடுப்பால் ஓர் இடி இடித்தார். கதவு திறந்துகொண்டது. கூடையோடு ஏறி உட்கார்ந்தார்.

"இது டாக்ஸி இல்லம்மா" என்றேன்.

"பச்சப் பெயின்ட் அடிச்சா எனக்குத் தெரியாதாக்கும்? இந்தக் கதவ இடிச்சு இடிச்சே எனக்கு இடுப்பு வலி வந்துச்சு. கம்பத்துல எறக்கி விடுங்க."

மச்சான் பின்னால் திரும்பினார். "இதுல தொரை போனதே இல்லீங்களா?"

"ஏன் போகல? ஒருநா அவரு ஜீப்பு படுத்துக்கிருச்சு. இதுலதான் ஏறுனாரு. ஒம்போது பேரு. எடமில்லாம என் கூடைய அவரு மடியிலதான் வச்சேன்."

அந்த அம்மாளைக் கம்பத்தில் இறக்கிவிட்ட பிறகு மச்சானிடம் மஞ்சளையும் சந்தனத்தையும் சொல்லிவிட்டேன். அவர் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்: "சபாஷுங்க மாப்ள."

மச்சான் ஊரில் வண்டியைச் சுற்றிக் கூட்டம். அவர் வாயில் அந்தப் புகைக்குழாய்.

"தொரை இந்த எடத்துலதானுங்க உக்காந்திருந்தாரு. ஏனுங்க மாப்ள?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன். அதற்குப் பிறகு அவர் ஒரு கன்றுக்குட்டி வாங்கக்கூட என்னைப் போய்ப் பார்த்துவரச் சொன்னதில்லை.