பத்து வெற்றுத்தாள்களும் ஒரு சிவப்புப் பேனாவும்

போன சனிக்கிழமை என் வீட்டு மேஜையில் பத்து வெற்று முத்திரைத்தாள்களில் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. காபி குடித்துக்கொண்டே, சிரித்த முகமாகத்தான் போட்டேன்.

வாராவாரம் இந்தப் பத்தியில் நமக்குப் புத்தி சொல்கிற ஆளா இப்படி என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்... துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஆபீஸில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறேன். இறக்குமதி செய்கிறவர்கள் கம்பெனி லெட்டர்ஹெட்டில் வெறும் கையெழுத்தைப் போட்டு, ஒரு கட்டு எங்களிடம் தந்துவைப்பார்கள். கப்பல் வந்ததும் வேண்டியதை டைப் அடித்துக்கொள்வோம். ஒரு கையெழுத்துக்காக கன்டெய்னர் நின்றால் வாடகை ஏறுமே. அதனால் வெற்றுத்தாளைப் பார்த்தால் எனக்குப் பயம் வராது. வேலை சீக்கிரம் முடியப்போகிறது என்ற சந்தோஷம்தான் வரும்.

வந்திருந்தவர் வீட்டுக்கடன் வாங்கித் தரும் புரோக்கர். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பேங்க் பெயர் போட்ட ஃபைல். எங்களுக்கு மூன்று சென்ட் மனை இருக்கிறது — என் பெயரிலும் மனைவி பெயரிலும். அதில் வீடு கட்டத்தான் கடன்.

"கையெழுத்த மட்டும் போட்டுருங்க அண்ணாச்சி. மத்தத நான் பாத்துக்கிடுதேன். மூலப் பத்திரத்தையும் இப்பவே தந்துட்டா, திங்கக்கெழம கடன் ரெடி."

'மத்தத நான் பாத்துக்கிடுதேன்' — என் கஸ்டமர்களிடம் தினமும் நான் சொல்கிற அதே வசனம். இவரும் நம்ம மாதிரித் தொழில்காரர்தான் என்று மனம் குளிர்ந்துபோனது.

அடுத்து மனைவியின் முறை. அவள் நாசரேத் ஊர்க்காரி, பள்ளிக்கூட டீச்சர். தாள்களைப் புரட்டினாள். எழுந்து போய் சிவப்புப் பேனாவோடு வந்தாள். என் கையெழுத்துக்கு மேலே காலியாகக் கிடந்த இடம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு. முதல் தாள்... இரண்டாம் தாள்... பத்திலும்.

புரோக்கர் பதறிவிட்டார். "டீச்சர், என்ன செய்யுதிய? இது பரீட்ச பேப்பர் இல்ல."

"காலி இடம் இருந்தா கோடு போட்டுருவோம். பொறவு யாரும் எதையும் எழுதிரக் கூடாதுல்லா," என்றாள் ரொம்ப மரியாதையாக. "எழுத வேண்டியத எழுதிக் கொண்டாங்க. வாசிச்சுட்டுப் போடுதேன். பத்திரத்த பேங்க்லயே குடுத்து ரசீது வாங்கிக்கிடுதோம்."

அவர் பாதி காபியை வைத்துவிட்டுக் கிளம்பினார். தாள்களைக்கூட எடுக்கவில்லை. வீடு தேடி வந்த மனுஷனை இப்படியா அனுப்புவது என்று நான் ஞாயிறு முழுக்க முகத்தைத் தூக்கிவைத்திருந்தேன்.

திங்கட்கிழமை, அவர் ஃபைலில் பெயர் போட்டிருந்த அந்த பேங்குக்கு நாங்களே போனோம். அப்படி ஓர் ஆளே தங்களிடம் இல்லை என்றார் மேனேஜர் அம்மா.

"பத்திரமும் ரெண்டு பேர் கையெழுத்தும் சிக்கியிருந்தா, மனைய வேற எங்கயாவது அடமானம் வச்சிருப்பான் சார். பணம் அவனுக்கு... நோட்டீஸ் உங்களுக்கு."

எங்கள் இருவரின் மொத்தச் சேமிப்பும் அந்த மூன்று சென்ட்தான். கதவில் அடித்த சீல் நம்பர் தாளில் உள்ளதிலிருந்து ஓர் எண் மாறினாலும் கன்டெய்னரைத் தொடமாட்டேன் நான். சொந்த மனை என்றதும் கண்ணை மூடிக்கொண்டேனே... அடுத்தவர் சரக்கு என்றால்தான் நமக்கெல்லாம் எவ்வளவு கவனம்!

மேனேஜர் அம்மா அசல் விண்ணப்பத்தை நீட்டினார். நாற்பது பக்கம். வாங்கி உட்கார்ந்தேன். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தது.

"இன்னும் கையெழுத்துப் போடலியா சார்?"

"பதினோராம் பக்கத்துலதான் இருக்கேன் மேடம். நீங்க சாப்பிட்டு வாங்க."