மில் சங்கும் பதுங்குகுழியும்

பாகிஸ்தானோடு சண்டை மூண்டதும் எங்கள் மில்லில் ஷிப்ட் சங்கு ஊதுவதை நிறுத்திவிட்டார்கள். இனிமேல் சங்கு ஊதினால் விமானம் வருகிறது என்று பொருள், எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட வேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய கார் ஒன்று எங்கள் கணபதி ஊர் முழுவதும் சொல்லிக்கொண்டு போனது.

எங்கள் லைன் வீடுகளில் அதுவரை யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. உலை வைப்பதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டுவதும் சங்கைக் கேட்டுத்தான். அது நின்றதும் பக்கத்து வீட்டம்மா எங்கள் டைம்பீஸை நம்பி வாசலுக்கு வர ஆரம்பித்தார்.

"ஏனுங்க, மணி என்னாகுதுங்க? ஒல வெச்சரலாமுங்களா?"

வீடுகளுக்குப் பின்னால் பொதுவாக ஒரு குழி வெட்டியிருந்தார்கள். மழை பெய்து அதில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. "குண்டு உழுந்து சாகறதுக்குள்ள இதுல பாம்பு கடிச்சே செத்துப்போயிருவமுங்க" என்றார் பக்கத்து வீட்டம்மா.

என் கவலை வேறு. என் மூத்தவளுக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலச் சங்கு கேட்டால் மில் கேட்டுக்கு ஓடுவாள். ஷிப்ட் முடிந்து வரும் அவள் அப்பாவின் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வீடு வருவாள். நடக்கக் கற்ற நாளிலிருந்தே உள்ள பழக்கம். அதை மாற்ற வேண்டியிருந்தது. சாப்பாடு ஊட்டும்போதும் தலை வாரும்போதும் கேட்பேன்.

"கண்ணு, சங்கு ஊதுனா எங்க போவோணும்?"

"குழிக்கு."

ஒரு தடவைகூடத் தவறாகச் சொன்னதில்லை.

ஒத்திகை நடக்கும் என்று சொல்லியிருந்தார்கள். எந்த நாள் என்று சொல்லவில்லை. ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவர். எழுந்து, காலி டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தெருப்பக்கம் ஓடினார்.

"எங்க ஓடறீங்க? குழி இங்கல்லொ இருக்குது!" என்று அவர் மனைவி கத்தினார்.

"லேட்டானா மில்லுக்குள்ள உடமாட்டாங்கொ!"

குழிக்குள் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்துக்கொண்டே உள்ளே இறங்கினேன். பிறகுதான் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த மூத்தவள் அங்கே வரவில்லை என்பதைப் பார்த்தேன்.

குழந்தையைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். தெருவெல்லாம் ஆண்கள் மில்லைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். விமானம் நிஜமாக வந்திருந்தால் முதல் குண்டு அங்கேதான் விழுந்திருக்கும். நான் கேட்டை நெருங்கும்போது எதிரே ஒரு ஸ்ட்ரெச்சர் வந்தது. காக்கி போட்ட இரண்டு இளைஞர்கள் தூக்கி வந்தார்கள். மேலே என் மகள். கண் மூடியிருந்தது. நெற்றியில் சிவப்பாக ஒரு கோடு.

இது ஒத்திகை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஓடிப்போய் ஸ்ட்ரெச்சரைப் பிடித்தேன். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. கன்னத்தைத் தட்டினேன். அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை. ஒத்திகையை நடத்திய, கையில் பட்டை கட்டிய பெரியவர் ஒருவர் ஓடி வந்தார்.

"பயப்படாதீங்க அம்மணி. வெளிய நின்னவங்கள்ல சில பேரைச் செத்தவங்கன்னு எடுத்துட்டுப் போவோணும், அதுதான் சட்டம். நெத்தில இருக்கறது சாயந்தானுங்க. புள்ள தங்கமாட்டம் படுத்திருக்குது."

நான் அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோவோணுமுங்களே" என்றார் அவர். நான் வீட்டைப் பார்த்து நடந்தேன். கொஞ்ச தூரம் வந்த பிறகு என் தோளில் ஒரு குரல் கேட்டது.

"அசையாமச் செத்திருந்தா ஆஸ்பத்திரில முட்டாய் தர்றேன்னாங்க. நீ கெடுத்துப்போட்ட."

வீடு வரும்வரை இறக்கிவிடவில்லை. வந்ததும் அழ ஆரம்பித்தாள். சாயங்காலம் அவள் அப்பா மிட்டாய் வாங்கி வந்தார். அது வேண்டாம், அந்த மிட்டாய்தான் வேண்டும் என்று தரையில் புரண்டு அழுதாள்.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "ஏனுங்க, புள்ள இந்த அழுவை அழுவுது, சமாதானம் பண்ணலீங்களா?"

"அழுவட்டுமுங்க" என்றேன்.