முகம் ஒன்று, முதுகு ஒன்று

தையல் கூடத்தில் காஜா எடுக்கும் அக்காவுக்கு இருபது வருஷமாக ஒரே பைத்தியம்: பொருந்தாத வெள்ளிக் காசு. நாணயச்சாலையில் அச்சு மாட்டுகிறவன் அசந்த நேரத்தில், ஒரு காசின் முகமும் வேறொரு காசின் முதுகும் சேர்ந்து விழுந்துவிடும். சனிக்கிழமைதோறும் வெள்ளி உருக்கும் கடைக்குப் போய், உலையில் விழுமுன் பழைய காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். இதுவரை நான்கு சேர்ந்திருந்தன. காசு சேகரிப்பவர்கள் ஞாயிறுதோறும் கூடும் கூட்டத்தில் வேறு யாரிடமும் இரண்டுக்கு மேல் இல்லை. ஆனால் கிழ ராஜாவின் முகமும் கப்பல் முதுகும் கொண்ட காசு மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை.

ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் படுத்துவிட்டாள். வேன் ஓட்டும் தம்பியை அனுப்பினாள். அரை மணி நேரத்தில் திரும்பிவிட்டான்.

"இதுவான்னு பாருக்கா. மேலாவே கெடந்துச்சு."

அதுவேதான். அவள் எழுந்து உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"எனக்குக் குடுத்துடுடா."

"ஆசையப் பாரு. நாலு வச்சிருக்கே, எனக்கு ஒண்ணு இருக்கக் கூடாதா? நாளைக்கு உங்க கூட்டத்துக்கு நானும் வர்றேன். ஆமா, ஏன் இப்படிக் கரி புடிச்சிருக்கு? பல்பொடி போட்டுத் தேய்க்கட்டுமா?"

பழைய வெள்ளியின் கறுப்பைத் தொடக் கூடாது. தேய்த்தால் காசின் கதை முடிந்தது. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"உன் காசு, உன் இஷ்டம்."

மறுநாள் காலை சலவைச் சட்டையில் வந்து நின்றான். உள்ளங்கையில் காசு புது ஸ்பூன் போல மின்னியது. கப்பலின் கயிறுகள் மழுங்கி, ராஜாவின் மூக்கு காணாமல் போயிருந்தது. கூட்டத்துக்கு வரும் ஓய்வுபெற்ற தபால்காரர் இதை வாங்கிப் பார்த்து எப்படிச் சிரிப்பார் என்பது அவளுக்குத் தெரியும். சிரிக்கட்டுமே என்று ஒரு கணம் இனித்தது. அவன் செருப்பை மாட்டியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"போகாதேடா. தேய்ச்ச காசை யாரும் மதிக்க மாட்டாங்க. சிரிப்பாங்க."

"நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லலே?"

"இருபது வருஷமா நான் தேடினது. நீ அரை மணி நேரத்துல எடுத்துட்டு வந்துட்டே."

அவன் ஓர் அடி கிட்டே வந்தான். பிறகு அவள் கையை விரித்துக் காசை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

"இந்தா, அஞ்சாயிடுச்சு. திருப்தியா?"

தெருவில் வேன் கிளம்பிப் போனது. காசில் அவன் கைச்சூடு இன்னும் இருந்தது. அவள் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.