அம்மாவுக்கு அறுபது, ஆளுக்கொரு ஊர்

டிராவல்ஸ் நடத்துவது என்றால் வண்டி விடுவது என்று மன்னார்குடியில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் இது, ஒரு குடும்பம் உட்கார்ந்து சண்டை போட நாற்காலியும் ஃபேனும் டீயும் ஏற்பாடு செய்து தரும் தொழில்.

இதே தொழிலில் இருக்கும் சக பாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களும் வீட்டோடு ஊர் சுற்ற ஒருமுறையாவது திட்டம் போட்டிருந்தால் என் பக்கம்தான் இருப்பீர்கள். பதினெட்டு வருடமாக இந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, ஐயப்பன் கோவில், ஆடி அமாவாசை எல்லாவற்றுக்கும் வண்டி அனுப்பியாயிற்று. ஆனால் சரோஜா அக்காவின் அறுபதாவது பிறந்தநாள் மாதிரி ஒன்று அதற்கு முன்னால் என் தலையில் விழுந்ததில்லை.

பத்து நிமிட வேலை

சரோஜா அக்காவின் கணவர் ராமையன் ஐயா. மன்னார்குடிக்குத் தெற்கே, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் ஒரு கடைமடைக் கிராமத்தில் ஐந்து ஏக்கர் நெல் விவசாயம் செய்கிறார். மூன்று வருடத்துக்கு முன்பு அவருக்கு அறுபது முடிந்தபோது நான்தான் ஏற்பாடு செய்தேன். ஆணுக்கு அறுபது என்றால் எங்கள் பக்கத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை, திருக்கடையூர்தான். இரண்டு மாலை, ஒரு தாலி, தலையில் ஊற்றக் கலசத் தண்ணீர், வாழையிலைச் சாப்பாடு, இரண்டு வேன். பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

பெண்ணுக்கு அறுபது ஆனால் என்ன செய்வது என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. அன்றைக்குத் திருக்கடையூர்ப் பந்தியிலேயே விளையாட்டாகக் கேட்டு வைத்தேன்: "ஐயா, அக்காவுக்கு அறுபது வரும்போது என்ன செய்யப் போறீங்க?" கையில் எடுத்த பாயசத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"அவளுக்கு எதுக்கும்மா தனியா? இப்பத்தானே எனக்குப் பண்ணுறப்ப பக்கத்துலயே உக்காந்திருந்தா!"

யாரும் கேட்காத ஆள்

இந்த வருடம் அந்த அறுபது வந்தது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அன்பழகன், திருவாரூரில் வங்கியில் இருக்கும் மகள் கயல்விழி, ராமையன் ஐயா, சரோஜா அக்கா என்று நான்கு பேரும் ஒரு பேரனையும் கூட்டிக்கொண்டு என் ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தார்கள். "கோவில் வேணாம் மேடம். அம்மாவுக்கு வித்தியாசமா, சாகசமா இருக்கணும்" என்றான் அன்பழகன். அவன் மனதில் இருந்தது, மலை உச்சியிலிருந்து பாராசூட் மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டு குதிப்பது. கயல்விழிக்கு அதெல்லாம் ஆகாது, அம்மாவுக்கு முட்டி வலி. அதனால் அவள் தேர்ந்தெடுத்தது வயநாட்டில் மரத்தின் மேல் கட்டிய வீடு. அதற்கு ஏணியில் ஏற வேண்டும் என்பதை நான்தான் ஞாபகப்படுத்தினேன். ராமையன் ஐயா காசிதான் என்று பிடிவாதமாக நின்றார். "சாகசம் வேணும்னா கங்கையில குதிச்சுக்கங்க" என்று மகனுக்குச் சலுகையும் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் ஓடியது. இரண்டு முறை டீ வந்துவிட்டது. ஆனால் பிறந்தநாள்காரரை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கடைசி நாற்காலியில் பேரனின் தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு, என் சுவரில் ஒட்டியிருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அக்கா, உங்களுக்கு எங்க போகணும்?" என்றேன். ஃபேன் பேசிவிட்டது போல மூன்று பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அவர் யோசிக்கக்கூட இல்லை, பதில் தயாராக இருந்தது.

"நாப்பது வருஷமா தண்ணியில நின்னு நாத்து நட்டாச்சு. ஒரு தடவ தண்ணிக்கு மேல உக்காந்து போகணும்மா."

எழுதிக்காதீங்க

அதற்குப் பிறகு வேலை சுலபமாகிவிட்டது. குடகில் ஆற்று வேகத்தில் ரப்பர் படகில் போகலாம் என்று அன்பழகன் போனில் கண்டுபிடித்தான். சாகசமும் ஆயிற்று, தண்ணீரும் ஆயிற்று. மருமகள், மருமகன், பேரப்பிள்ளைகள் என்று மொத்தம் ஒன்பது பேர். பிறந்தநாள் அன்றைக்கே படகில் ஏற்றியாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான்தான். "முந்தின நாளே போயிடலாமே மேடம், கூட்டம் இருக்காது" என்று அன்பழகன் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை. அந்த நாள்கூட ஆதாரில் இருக்கும் ஜூன் மாத நாள்தான். அக்காவின் அம்மா 'தை அறுப்புல பொறந்தது' என்று சொல்ல, பள்ளியில் சேர்த்த வாத்தியார் ஐந்து வயது நிரம்புகிற மாதிரி ஏழெட்டு மாதம் கூட்டி ஒரு தேதியைப் போட்டுக்கொண்டாராம். எங்கள் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் பாதிப் பேர் இப்படித்தான் ஜூனில் பிறந்தார்கள்.

கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். கடைமடைக்காரர்களுக்குத் தண்ணீர் முறை வைத்து வரும். நம் வாய்க்காலுக்கு வரும் நாளில் ஆள் இல்லையென்றால் அடுத்த மதகுக்காரர் திருப்பிக்கொள்வார். அன்று மாலையே ராமையன் ஐயா போன் செய்து எல்லாவற்றையும் ரத்து செய்யச் சொன்னார். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சரோஜா அக்கா மட்டும் தனியாக வந்தார். உட்காரக்கூட இல்லை, குடையை ஊன்றி நின்றபடியே பேசினார். அந்தக் குரலில் அழுகை இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"இத விட்டா நான் போறதே இல்லம்மா. அடுத்த வருஷம் பேரனுக்குப் பள்ளிக்கூடம்பாங்க, அதுக்கடுத்த வருஷம் என் முட்டிம்பாங்க. அவரு வேணாம்னுதான் சொல்வாரு, நீங்க எழுதிக்காதீங்க."

ஒரு விவசாயி நேரில் போனால்

நான் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் ராமையன் ஐயாவை என்ன செய்வது? மனைவியின் ஆசை என்று சொன்னால் "அதுக்கென்ன, அறுப்பு முடியட்டும்" என்பார். எந்த அறுப்பு என்று சொல்ல மாட்டார். அன்று முழுக்க யோசித்துவிட்டுச் சாயங்காலம் போன் போட்டேன். "ஐயா, குடகுன்னா எது? காவிரி பொறக்குற ஊரு. அங்க மழை எப்படி, ஆத்துல எவ்வளவு தண்ணி ஓடுதுன்னு இங்க உக்காந்து டிவியில பாக்குறதுக்கு, நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாமே?" என்றேன்.

அந்தப் பக்கம் வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, அரசாங்கமே தன்னை ஆய்வுக்கு அனுப்புவது போன்ற குரலில் பேசினார்.

"அதுவும் சரிதான். ஒரு விவசாயி நேர்ல போனாத்தான் உண்மை தெரியும். நான் வர்றேம்மா, அவளையும் கூடக் கூட்டிட்டு வந்துடுறேன்."

மூட்டை

கிளம்பும் நாள் வேனில் முதலில் ஏறியது மனிதர்கள் இல்லை, இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை. மூன்று நாளைக்கும் தங்கும் இடத்திலேயே சாப்பாடு உண்டு என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். "அடுத்தவன் அரிசி நமக்கு ஒத்துக்காதும்மா" என்றார் ராமையன் ஐயா. மூட்டைக்குப் பின்னால் குக்கர் வந்தது, குக்கருக்குப் பின்னால் கேஸ் அடுப்பு வந்தது. அதற்குப் பின்னால், பிறந்தநாள்காரர் அரிவாள்மணையோடு வந்தார்.

எனக்கு வந்ததே கோபம். மூன்று நாளும் அக்கா குடகில் உட்கார்ந்து சோறு வடிப்பதற்கா நான் இவ்வளவு பொய் சொன்னேன்? ஓட்டுநர் செல்வத்தைக் கூப்பிட்டு அத்தனையையும் இறக்கி என் ஆபீசில் வைத்துப் பூட்டினேன். அரிவாள்மணையை மட்டும் அக்கா தானே கொண்டுவந்து மேசைக்கு அடியில் தள்ளிவிட்டார். செல்வம் இருபது வருடமாக எங்கள் பக்கத்துக் குடும்பங்களை ஏற்றி இறக்குகிறவர். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"இவங்க பரவால்ல மேடம். போன மாசம் ஊட்டிக்கு வந்தவங்க கிரைண்டரையே ஏத்திட்டாங்க, மாவு ஆட்டுறதுக்கு ரூம்ல பிளக் பாயிண்ட் தேடுனதே நான்தான்."

வழியெல்லாம் வாய்க்கால்

நானும் கூடப் போனேன். ஏதாவது தப்பாகப் போனால் திட்டுவதற்குக் கையருகில் ஓர் ஆள் வேண்டும் என்று அன்பழகன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டான். வண்டி பாலத்தில் ஏறும்போதெல்லாம் ராமையன் ஐயா நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய்க் கீழே எட்டிப் பார்த்து, "ம்" என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு ஏறுவார். டீ குடிக்க நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் அரைமணிக்கு ஒருமுறை ஊரில் பக்கத்து வயல்காரர் கலியமூர்த்திக்குப் போன். தண்ணீர் வந்ததா, வாய்க்காலில் ஈரமாவது தெரிகிறதா, அடுத்த மதகுக்காரர் மண்வெட்டியோடு நடமாடுகிறாரா?

மைசூர் தாண்டியதும் போட்ட போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார். வேன் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, நான் வாய்க்கால்லயேதான் கட்டிலைப் போட்டுப் படுத்திருக்கேன். தண்ணி வந்தா என்னைய நனைச்சிட்டுத்தான் போவணும். போனை வைங்க!"

பலகை

பிறந்தநாள் காலை. ஆற்றங்கரையில் பெரியவர்கள் எல்லோருக்கும் மிதவைச் சட்டை மாட்டியாயிற்று. புடவைக்கு மேல் ஆரஞ்சு நிறச் சட்டையும் தலையில் நீலத் தொப்பியுமாக சரோஜா அக்கா படகுக்குப் பக்கத்தில் போய் முதல் ஆளாக நின்றார். அப்போதுதான் அன்பழகன் கவுண்டரில் இருந்த பலகையைப் படித்தான். அறுபது வயது முடிந்தவர்களுக்கு அனுமதி இல்லை. அக்காவுக்கு ஆதார்படி அன்று காலைதான் அறுபது முடிந்திருந்தது. முந்தின நாள் வந்திருந்தால் ஏறியிருக்கலாம். அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தார்கள். பதினெட்டு வருட அனுபவம், ஒரு வயது வரம்பைக் கேட்டு வைக்கத் தெரியவில்லை. பூமி பிளந்து என்னை வாங்கிக்கொண்டால் தேவலை என்று நின்றேன்.

அக்கா சட்டையின் கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "பரவால்ல, நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் செருப்பைப் பாத்துக்குறேன்" என்றார். நான் கவுண்டருக்குப் போகக் காலை எடுத்து வைத்தேன், அதற்குள் ராமையன் ஐயா போய் நின்றுவிட்டார். மனைவிக்காக அவர் சண்டை போட்டு நான் பார்த்தது அன்றுதான். "இது வாத்தியார் போட்ட தேதிங்க! பள்ளிக்கூடத்துல சேக்குறதுக்காகக் கூட்டிப் போட்டாரு. அவளுக்கு இன்னும் அறுபது ஆகலைங்க!" என்று மேசையைத் தட்டினார். உள்ளே இருந்த குடகுக்காரர் தமிழ் தெரிந்தவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆதாரைத் திருப்பிக் கொடுத்தார்.

"தமிழ்நாட்டுல இருந்து வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க ஐயா. உங்க ஊர்ல பிள்ளைங்கள அம்மாங்க பெத்தாங்களா, வாத்தியாருங்க பெத்தாங்களா?"

இன்னொரு சுற்று

ஆனால் அவர் நல்ல மனிதர். வளைவுக்கு அந்தப் பக்கம் ஆறு அகலமாகத் தேங்கி நிற்கும் இடத்தில் துடுப்புப் படகு இருக்கிறது, அதற்கு வயது வரம்பில்லை என்றார். அப்படியாக மகனும் மகளும் ஜோடியோடு வேகமான தண்ணீருக்குப் போக, பிள்ளைகள் செல்வத்தோடு கரையில் விளையாட, தேங்கிய தண்ணீருக்கு இரண்டே பேர் மிஞ்சினார்கள். ராமையன் ஐயாவும் அறுபதைத் தாண்டியவர்தானே. படகில் போன் கூடாது என்று படகுக்காரர் சொல்லிவிட்டதால் அதை என்னிடம் கொடுத்தார். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கையைப் பின்னால் இழுக்காமல் நின்றார்.

நான் கரையில் நின்று பார்த்தேன். முதல் ஐந்து நிமிடம் அக்கா இரண்டு கையாலும் படகின் விளிம்பைப் பிடித்திருந்தார். பிறகு ஒரு கையை விட்டார். பிறகு காலைத் தூக்கி மடித்துச் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். சேறில்லாமல், குனியாமல், தண்ணீர் தன்பாட்டுக்கு அவருக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. ராமையன் ஐயா எதிரே உட்கார்ந்து என்னவோ கேட்க, அக்கா என்னவோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். இந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. சந்தோஷத்தில் என் கண் கலங்கிவிட்டது, செல்வத்திடம் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அப்போது பார்த்து என் கையில் போன் அடித்தது. கலியமூர்த்தி. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாம். நான் ஒரு முட்டாள், கரையோரமாக ஓடிக்கொண்டே "ஐயா, தண்ணி வந்துடுச்சாம்!" என்று கத்திவிட்டேன். அவர் துள்ளி எழுந்தார், படகு ஆடியது, படகுக்காரர் அலறினார். "கரைக்குத் திருப்புப்பா, திருப்பு! உடனே ஊருக்குக் கிளம்பணும்" என்றார் ராமையன் ஐயா. பாதிச் சுற்றுக்கூட முடியவில்லை. படகு திரும்பத் தொடங்கியது. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்தவர் முன்னால் புருஷன் பேச்சுக்கு ஒருநாளும் மறுபேச்சுப் பேசாத சரோஜா அக்கா, அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டு, படகுக்காரரிடம் நிதானமாகச் சொன்னது கரை வரைக்கும் கேட்டது.

"நீங்க நேரா போங்க தம்பி, இன்னொரு சுத்தும் சேத்தே போங்க. வயலுக்குப் போற வழி தண்ணிக்குத் தெரியும்."

யாருக்குப் பிறந்தநாளோ அவரையே கேட்டுவிடலாம் என்ற சாதாரண யோசனை ஒரு குடும்பத்துக்கு வந்து சேர ஐந்நூறு கிலோமீட்டர் வண்டி ஓட வேண்டியிருக்கிறது என்பதால்தான், என்னைப் போன்றவர்களின் கடை இன்னும் மூடாமல் இருக்கிறது.