வலது கால்

மலேசியாவில் கோலா கெத்தில் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர்களின் மகன் குழந்தைவேலு. பால் சீவும் உளியைத் தொட மாட்டேன் என்று இராணுவத்தில் சேர்ந்தார். எழுபதுகளின் கடைசியில், தாய்லாந்து எல்லைக் காட்டில் கம்யூனிஸ்டுகள் புதைத்த கண்ணிவெடியை மிதித்தார். இடது பாதத்தில் பாதி போயிற்று. அதற்கு அரசாங்கம் ஓய்வூதியம் கொடுத்தது. அதில் அவருக்குக் குறையில்லை.

குறை வலது காலில் வந்தது. அன்றிலிருந்து உடம்பின் பாரத்தையெல்லாம் சுமந்தது அதுதான். முட்டி தேய்ந்து, இடுப்பும் விட்டுப்போய், கடைசியில் கக்கூஸுக்குப் போகவே சுவரைப் பிடிக்கவேண்டி வந்தது. இடது கால் ஊனத்தால் வந்த வினைதான் இது என்று சுங்கைப்பட்டாணி எலும்பு டாக்டர் சொன்னார். அதை வைத்து, வலது காலுக்கும் ஓய்வூதியம் கேட்டு மகள் உமாராணி மனுப் போட்டாள்.

மனுவை விசாரிக்கும் இராணுவ மருத்துவக் குழுவுக்குப் போகும்போது கைத்தடியை விடவேண்டாம் என்று மனைவி மருதம்மாள் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினாள். உள்ளே, சீருடையில் ஒரு மேஜர் உட்கார்ந்திருந்தார். மகன் வயதுதான் இருக்கும். பார்த்ததும் குழந்தைவேலுவின் உடம்பு தானாக விறைத்தது. தடியைச் சுவரில் சாத்திவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்துபோய் சல்யூட் அடித்தார். மேஜரும் எழுந்து நின்று பதில் சல்யூட் வைத்தார்.

மனு தள்ளுபடியானது. ஊன்றுகோல் இல்லாமல் நன்றாக நடக்கிறார், தேய்மானம் வயதால் வந்தது என்று காரணம் சொல்லியிருந்தார்கள்.

"வீட்ல நடக்கிற மாதிரி நடந்திருந்தா போதும்லா. ஏம்ப்பா?" என்றாள் உமாராணி.

"ஆபீசர் முன்னால நொண்டிக்கிட்டுப் போகச் சொல்றியா?"

"நொண்டிதானேப்பா நீங்க."



மேல்முறையீட்டுக்கு அவரைச் சக்கர நாற்காலியில்தான் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கிருந்த டாக்டர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பட்டாளத்துக்கே போகாதவர்களுக்கும் இந்த வயதில் முட்டி தேயத்தான் செய்யும் என்று மலாயில் பணிவாகச் சொன்னார். அதுவும் தள்ளுபடி.

இன்னொரு தடவை பார்க்கலாம் என்று உமாராணி வந்தபோது அவர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். இப்போது அவருக்குக் கூடத்துக் கட்டில்தான் எல்லாம். இடுப்புக்குத் தைலம் தேய்க்கும்போதெல்லாம் மருதம்மாள் அந்த மேஜரை ஏசுவாள்.

"அவன ஏசாத, மருதம். அவன் ஒருத்தன்தான் எந்திரிச்சு நின்னான்."

"நின்னு என்னத்தக் கிழிச்சான்?" என்றாள் அவள்.

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.