புளியங்குடி பஸ்ஸில் எறிந்த கல்

தென் அமெரிக்காவில் கால்பந்து ரசிகர்கள் அடித்துக்கொள்வதால் மைதானத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருக்கிறார்களாம். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை டீக்கடையில் வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் நெசவாளி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேசக் கூசுவேன். ஆனால் எங்கள் சங்கரன்கோவிலும் புளியங்குடியும் மோதும் கால்பந்து ஆட்டமென்றால், கத்திக் கத்தி முதலில் தொண்டை கட்டுவது எனக்குத்தான். இரண்டு ஊருக்கும் பெண் கொடுத்து எடுக்கிற வழக்கம் உண்டு. ஆட்டத்தன்று மட்டும் அது யாருக்கும் நினைவிருக்காது.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் ஊரில் நடந்த ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம். "விடாதீங்கலே" என்று யாரோ கத்த, கூட்டம் புளியங்குடிக்காரர்கள் ஏறிய பஸ்ஸைத் துரத்தியது. நானும் ஓடிப்போய் ஒரு கல்லை எறிந்தேன். பஸ் நின்றது. ஜன்னலோரம் இருந்தவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம். கையை எடுத்தபோது பார்த்தால், என் தங்கையின் புருஷன்.

பஸ்ஸில் ஏறி அவரிடம் ஓடினேன். "கண்ணு தெரியுதா மாப்பிள்ளை?" என்று கேட்டு அழுதுவிட்டேன்.

"தெரியுது மச்சான். கோல் போட்டது நானில்லவே, என்னைய எதுக்கு எறிஞ்சீரு?" என்றார்.

காயம் புருவத்தோடு போயிற்று. அரை அங்குலம் இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

இப்போது புளியங்குடிக்காரர்கள் ஆட வந்தால், அவர்கள் கூட்டத்தின் நடுவில் உட்கார்ந்துதான் எங்கள் அணிக்காகக் கத்துகிறேன். முதல் தடவை அப்படி உட்கார்ந்தபோது, "ஏலே, அண்ணாச்சி அங்கன இருக்காரு, கல்லைக் கீழ போடு" என்று எங்கள் ஊர்க் கூட்டத்தில் ஒருவன் என்னைக் காட்டிச் சொன்னது காதில் விழுந்தது. போன ஆட்டத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் எட்டுப் பேர் என்னோடு வந்து உட்கார்ந்தார்கள்.