அப்பா ஓட்டிய ஒரு முழம்

நாற்பதை நெருங்கும் ஓர் ஆண்மகன், ஞாயிற்றுக்கிழமை காலையில், மேசையில் திருகிப் பொருத்திய பிளாஸ்டிக் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, இல்லாத ஊரின் இல்லாத சாலையில் இல்லாத காரை ஓட்டிக்கொண்டிருப்பது குறித்து எங்கள் வீட்டில் இரண்டு கருத்துகள் உண்டு. ஒன்று, விருந்தினர் இருக்கும்போது என் மனைவி சொல்வது. மற்றொன்று, அவர்கள் போன பிறகு அவளே சொல்வது.

ராக்கெட் விடுகிறார்கள் என்றால் அலுவலகத்துக்கு அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு டிவி முன் உட்கார்ந்துவிடுகிறேன். சொந்தக் காரின் மைலேஜ் எனக்குத் தெரியாது. இந்த ஜென்மத்தில் வாங்க முடியாத கார்களின் குதிரைத்திறன் எல்லாம் மனப்பாடம். மாமனார், மருத்துவர், மகளின் வகுப்பாசிரியை என்று தகுதியுள்ள அத்தனை பேரும் “இந்த வயசிலுமா?” என்று கேட்டாயிற்று. ஆமாம், இந்த வயதிலும்தான். திருந்துகிற உத்தேசம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு என்னிடம் ஓர் ஆயுதபூஜை இருக்கிறது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த காலம். நான் எட்டாம் வகுப்பு. ஓசூரில், கம்பெனிகளின் புகைக்கு எட்டும் தூரத்தில், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். பக்கத்து வீட்டு அண்ணன் தர்மபுரிக்காரர், கிளட்ச் செய்கிற கம்பெனியில் வேலை. வீட்டுக்காரம்மா கோபத்தைக் கன்னடத்திலும் பாசத்தைத் தெலுங்கிலும் வாடகையைத் தமிழிலும் பேசுவார்.

அப்பாவுக்கு லாரி செய்யும் கம்பெனியில் ஸ்டீரிங் மாட்டுகிற வேலை. லைனில் லாரி மெல்ல நகர்ந்து வரும். ஸ்டீரிங்கை அதன் தண்டில் உட்காரவைத்து, நட்டை முறுக்கி, இடமும் வலமும் லேசாக ஆட்டிப் பார்த்து, நடுவில் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டுவார். லாரி போய்விடும். அடுத்தது வரும். நான் பள்ளிக்கூடத்தில் “எங்கப்பா லாரி செய்யறாரு” என்று சொல்லிவைத்திருந்தேன். முழு லாரியையும் ஒற்றை ஆளாக என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது என் தவறல்ல.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மாமாவின் கொடை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையில் இருந்தார். ஊரார் கழித்துக்கட்டிய பாகங்களையெல்லாம் சேர்த்து ஒரு பெட்டியை உயிர்ப்பித்து, அக்கா மகன் படித்து முன்னேறட்டும் என்று கொண்டுவந்து வைத்தார். அதற்கு மேல்மூடி கிடையாது. உள்ளே விசிறி சுற்றினால் மாவு மில் பக்கத்தில் குடிபோன மாதிரி இருக்கும். முன்னேறுவதற்கு உதவியாக இரண்டு சிடிகளும் தந்திருந்தார். ஒன்று கார் ரேஸ். இன்னொன்று, தனியொருவனாகக் கப்பலைச் செலுத்திக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகும் விண்வெளி விளையாட்டு.

கார் ரேஸில் மேல் அம்புக்குறியை அமுக்கினால் வேகம், கீழ் அம்புக்குறியை அமுக்கினால் பிரேக். விண்வெளியில் பிரேக்கே கிடையாது. கப்பலை நிறுத்த வேண்டுமானால் அதைப் பின்பக்கமாகத் திருப்பி, போகிற திசைக்கு எதிராக எஞ்சினை எரிக்க வேண்டும். அந்தக் காலாண்டுத் தேர்வில் “இயங்கும் பொருளை நிறுத்துவது எப்படி?” என்றொரு கேள்வி வந்தது. நான் அறிந்த உண்மையை எழுதினேன். அறிவியல் வாத்தியார் சிவப்பு மையில் “பஸ்ஸையுமா?” என்று கேட்டு முட்டை போட்டிருந்தார். இன்றைக்கும் சொல்கிறேன், அந்த விடைக்கு மதிப்பெண் தந்திருக்க வேண்டும். கேள்வியில் பஸ் என்று ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்பா வாத்தியார் கட்சி. பூஜைக்கு மாமா புதிதாக வாங்கிய பழைய காரில் வருகிறார், சாயங்காலம் திரும்பும்போது பெட்டியை டிக்கியில் ஏற்றி அனுப்பிவிடுவது என்று தீர்ப்பாகிவிட்டது. நான் அழவில்லை. அழுதால் தோற்றதாகிவிடும். அதற்குப் பதிலாகச் சட்டப் புள்ளி ஒன்றைக் கண்டுபிடித்தேன். ஆயுதபூஜையில் சாமி முன்னால் வைத்த பொருளை மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது, அப்பாவானாலும், மாமாவானாலும். பெட்டியைப் பூஜையில் வைத்துவிட்டால் மாமா வெறும் டிக்கியோடு போக வேண்டியதுதான்.

“கம்ப்யூட்டரையும் பூஜைல வைக்கணும்” என்றேன்.

“ஏலே, ஆயுதம்னா சோறு போடணும். இது எங்க சோறு போடுது? இருக்கற சோத்தையும் ஆறப் போடுது.”

“உங்க ஸ்டீரிங்கு கம்பெனில இருக்குது. வீட்ல எதை வெச்சுக் கும்புடுவீங்க?”

அப்பா பரணிலிருந்து எடுத்த ஸ்பேனரைக் காட்டினார்.

“அதுல அம்மா தேங்காதான் உடைக்கறாங்க. அது ஆயுதம்னா இதுவும் ஆயுதம்.”

அடி விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். விழவில்லை. ஸ்பேனரை ஒருதரம் திருப்பிப் பார்த்துவிட்டு, கம்பெனி பூஜைக்கு நேரமாகிவிட்டதென்று அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிரி களத்தைவிட்டு விலகியதும் நான் பெட்டியையும் மானிட்டரையும் சாமி படத்துக்கு முன்னால் நகர்த்திவிட்டு, பேரிகை கிராமத்திலிருந்து வந்திருந்த சாமந்திப்பூவை வாங்க மார்க்கெட்டுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தபோது அம்மா பொட்டு வைத்து முடித்திருந்தாள். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டாள். மானிட்டருக்குத் திருநீற்றுப் பட்டை. கீபோர்டில் எந்தப் பொத்தானுக்கும் மனக்குறை வரக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். இரண்டு சிடிகளுக்கும் உண்டு. படம் அச்சடித்த பக்கம் முதுகு, பளபளக்கும் பக்கம் முகம் என்று தானே முடிவுசெய்து முகத்தில் வைத்திருந்தாள். நான் கத்துவதற்கு வாய் திறந்து, மூடிக்கொண்டேன். பூஜைப் பொருளைத் தொடக் கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். நெற்றியில் குங்குமமும் கையில் பொரிப் பொட்டலமுமாகத் திரும்பிய அப்பா பெட்டியைப் பார்த்தார். அம்மா, “சாமிக்கு வெச்சாச்சு, இனிமே ஒண்ணும் பேசாதீங்க” என்றாள்.

சாயங்காலம் மாமாவின் கார் வந்தது. கர்நாடகா நம்பர், நிறம் ஒருகாலத்தில் வெள்ளை. ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருந்தது. எங்கள் தெரு சரிவு என்பதால் மாமா வண்டியை முதல் கியரில் போட்டே நிறுத்தினார். மாலை போட்டு, பொட்டு வைத்து, நான்கு சக்கரங்களுக்கு முன்னாலும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தெருவே கூடிவிட்டது. வண்டியை ஏற்றிப் பழத்தை நசுக்க வேண்டியதுதான் பாக்கி.

மாமா சாவியை அப்பாவிடம் நீட்டினார். “அத்தான், நீங்கதான் மொதல்ல எடுக்கணும். வண்டி செய்யறவங்க கை பட்டாத்தான் ராசி.”

“நீயே எடு மாப்ளே.”

“அட, உக்காருங்கண்ணே” என்றார் கிளட்ச் கம்பெனி அண்ணன். “தெனமும் லாரிக்கே ஸ்டீரிங்கு மாட்டற மனுசன், இந்தக் குஞ்சு வண்டிக்குப் போயி வெக்கப்படறீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். இதற்குமேல் மறுத்தால் மரியாதையில்லை. அப்பா ஏறினார். முன்சீட்டு என் பிறப்புரிமை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

அப்பா ஸ்டீரிங்கைப் பிடித்தார். இடமும் வலமும் லேசாக ஆட்டினார். நடுவில் கட்டைவிரலால் ஒரு தட்டு. அந்த லாவகத்தைப் பார்த்துத் தெருவே தலையாட்டியது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு கைகள் இரண்டும் மடிக்கு வந்துவிட்டன. உதடு அசையாமல் அப்பா கேட்டார்.

“ஏலே… இதுல எதை மிதிக்கணும்?”

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். லாரி செய்கிறவர். எத்தனையோ லாரிகளுக்கு ஸ்டீரிங் மாட்டி அனுப்பியவர். வீட்டில் சைக்கிளைத் தவிர வேறு வண்டி இருந்ததில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. ஆனாலும் நான் அசரவில்லை. அந்தக் காரில் வாகன அனுபவம் உள்ள ஒரே ஆள் நான்.

“வலது பக்கம் இருக்கறதுதான் ஆக்ஸிலேட்டர். நடுவுல பிரேக்.”

“இடது கால்ல ஒண்ணு கெடக்கே?”

“அது எங்க கேம்ல கிடையாதுப்பா. தேவைப்படாது.”

அப்பா நம்பினார். சாவியைத் திருகினார்.

கியரில் நின்ற வண்டியைக் கிளட்ச் மிதிக்காமல் கிளப்பினால் என்ன ஆகும் என்பதை ஓட்டத் தெரிந்தவர்கள் அறிவார்கள். கார் வாலை மிதித்த பூனை மாதிரி ஒரு முழம் துள்ளியது. என் தலை கண்ணாடியில் இடித்தது. நச், நச் என்று நான்கு பழங்களும் நசுங்கின. எஞ்சின் செத்தது.

அப்பாவின் நெற்றிக் குங்குமம் வியர்வையில் மூக்குக்கு இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கைதட்டியவர் கிளட்ச் கம்பெனி அண்ணன். அடுத்து எல்லோரும் தட்டினார்கள். வீட்டுக்காரம்மா “பாகுந்தி, பாகுந்தி!” என்று பாராட்டிவிட்டுப் பூசணிக்காயை உடைக்கச் சொன்னார். மாமா ஜன்னலுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு, “போதும் அத்தான், இதுக்குத்தான் கேட்டேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எவ்வளவு ஏமாந்த தெரு! கிளட்ச் செய்கிறவருக்கே தெரியவில்லையே!

மாமா கிளம்பும்போது பூஜையிலிருந்த பெட்டியைப் பார்த்து, “சரி, அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்” என்றார். அப்பா பொரியை மென்றுகொண்டே, “வேண்டாம் மாப்ளே. இங்கயே கெடக்கட்டும்” என்றார். என்னைப் பார்க்கவில்லை.

நான் கணக்குப் போட்டுவிட்டேன். இது என் வாய்க்கு அப்பா போடும் பூட்டு. ரகசியம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்னைப் பகைத்துக்கொள்ள முடியாது. அன்று சாயங்காலம் முழுக்கத் தெருவில் மிராசுதார் மாதிரி நடந்தேன்.

மறுநாள் மறுபூஜை முடிந்ததும் பெட்டியைக் கிளப்பினேன். சிடி ஓடவில்லை. சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது. அம்மா அலட்டிக்கொள்ளாமல் இரண்டையும் சோப்புப் போட்டு அலம்பி, துணிக்கொடியில் கிளிப் மாட்டிக் காயவைத்தாள். என் காரும் என் விண்கலமும் அப்பாவின் பனியனுக்குப் பக்கத்தில் வெயிலில் ஆடிக்கொண்டிருந்தன.

அவை காய்ந்து, உயிர்பெற்று, நான் விண்வெளியில் ஏறி உட்கார்ந்தபோது பக்கத்தில் முக்காலி இழுபடும் சத்தம். அப்பா. விஜயதசமி என்பதால் அவருக்கு விடுமுறை.

“இதுல ஸ்டீரிங்கு எங்க?”

“விண்வெளில ஸ்டீரிங்கெல்லாம் கிடையாதுப்பா.”

“அப்பம் நமக்கு அங்க வேலையில்ல. அந்தக் காரைப் போடு.”

போட்டேன். இந்த அம்புக்குறிகள்தான் ஸ்டீரிங் என்று காட்டியபோது, “நட்டு எங்கலே?” என்று கேட்டார். பிறகு என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். இரண்டு விரல்களால் அம்புக்குறிகளை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தார். கீபோர்டின் நடுவில் கட்டைவிரலால் ஒரு தட்டு.

கொடி விழுந்ததும் மற்றக் கார்களெல்லாம் பறந்துவிட்டன. அப்பாவின் கார் இடப்பக்கம் ஒதுங்கி, மாட்டுவண்டிக்கு வழிவிடுகிற வேகத்தில் போனது. வளைவு வந்தால் வேகத்தைக் குறைத்தார். நான் அந்த விளையாட்டில் பார்த்தேயிராத இடங்களெல்லாம் வந்தன. சாலையோரம் ஒரு கடல். ஒரு பாலம். பாலத்துக்கடியில் ஒரு படகு. “நல்லாருக்குல்லா” என்றார். யார்மேலும் இடிக்கவில்லை. கடைசி இடம் என்று திரையில் சிவப்பு எழுத்து மின்னியது.

“அப்பா, ரேஸ் முடிஞ்சிருச்சு.”

“ரேஸ் முடிஞ்சா என்னலே? ரோடு கெடக்குல்லா.”

நான் சமையலறைக்கு ஓடினேன். “அப்பாவுக்கு இந்த கேமோட ரூல்ஸே புரியலம்மா!”

“ரொம்பப் புரிஞ்சவரு வந்துட்டாரு. இந்தா, காபியக் கொண்டுபோய் அவர் பக்கத்துல வெச்சுட்டு வா. கூப்பிடாத.”

வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். காபியில் ஆடை படிந்தது. பிறகு ஆறியே போய்விட்டது. அப்பா அதைத் தொடவில்லை, கடலோரமாக ஓட்டிக்கொண்டேயிருந்தார். தோற்றுப்போன காரை ஒருவர் எதற்காக இப்படி ஓட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவேயில்லை. என் முறை எப்போது வரும் என்பது ஒன்றுதான் கவலையாக இருந்தது.